மல்ச்சிங் ஷீட் மக்குமா? பிளாஸ்டிக் பற்றி எது நிஜம், எது புரளி

கேள்வி: கிணத்துக்கடவு வாசகர், பிப்ரவரி 6, இரவு 8.40

தக்காளி முடிஞ்சிருச்சுங்க. ஒரு ஏக்கர், மல்ச்சிங் ஷீட் போட்டது. ஷீட் வித்தவரு "ரோட்டவேட்டர் உட்டு ஓட்டிருங்க, ஆறு மாசத்துல மக்கிரும்"ங்கறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்புல குவிச்சுக் கொளுத்திட்டு, "சாம்பலும் உரந்தானுங்க"ங்கறார். வாட்ஸப்புல ஆயிரம் வருசம் ஆனாலும் மக்காதுன்னு வருது. மூணுல எதை நம்பறதுங்க?

பிப்ரவரி 6, இரவு 9.55

முதல் இரண்டும் முழுத் தவறு, மூன்றாவது பாதித் தவறு.

களை வராமலிருக்கப் பாத்தி மேல் விரிக்கும் அந்த ஷீட் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். கருப்பு நிறத்துக்குக் காரணம் அதில் கலந்த கரித்தூள். அது வெயில் ஷீட்டை அரிக்காமல் காக்கும் கவசமும்கூட. பாலிஎத்திலீனுக்கு முதல் எதிரி வெயில்தான். மண்ணுக்குள் ஓட்டிவிட்டால் அந்த எதிரியிடமிருந்து அதைக் காப்பாற்றிவிடுகிறோம். நாளைக் காலையில் ஒரு பாத்தியில் குனிந்து பாருங்கள். செடி வைத்த ஓட்டையைச் சுற்றி ஷீட் வெளிறி, விரல் பட்டாலே கிழியும். விளிம்பில் மண் போட்டு மூடிய அரை அடி மட்டும் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு இருக்கும், இழுத்தால் நீளும். ஒரே ஷீட்தான், வெயில் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பையை விட்டால் ஷீட் இரண்டு விரல் அகலத் துண்டுகளாகிவிடும். அப்புறம் எத்தனை ஆள் விட்டாலும் பொறுக்கி முடியாது. தண்ணீர் இறங்கும் வழியை அது மறிக்கும், அடுத்த வெள்ளாமையில் விதை அதன் மேல் விழுந்தால் வேர் கீழே இறங்காது. மழைக்கு வாய்க்காலிலும் போய்ச் சேரும்.

ஆயிரம் வருசக் கணக்கை யாரும் அளந்து பார்த்ததில்லை. பாலிஎத்திலீனைக் கண்டுபிடித்ததே 1933இல். 450 வருசம், 500 வருசம், 1000 வருசம் எல்லாம் ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வெயிலில் கிடந்தால் சில வருசத்தில் பொடியாகும், பொடி மறையாது. மண்ணுக்குள் கிடந்தால் பொடியாவதே மெதுவாக நடக்கும்.

பிப்ரவரி 6, இரவு 10.20

எப்படி எடுப்பது என்று சொல்லாமல் விட்டது தப்பு.

தண்ணீரை நிறுத்தி நாலைந்து நாள் விடுங்கள். சேறாக இருந்தால் ஷீட்டோடு மண்ணும் வரும், கட்டாந்தரையாக இறுகினால் ஷீட் கிழியும். பிடித்தால் உதிரும் பதம் வேண்டும். செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேர்க்கட்டை ஓட்டையைப் பெரிதாக்கி நீளவாக்கில் கிழித்துவிடும். அரிவாளால் அடித்தண்டோடு அறுத்துவிட்டு, வேரை மண்ணிலேயே விடுங்கள். அடுத்து சொட்டுநீர் லேட்டரல் குழாயை உருவிச் சுருட்டிக்கொள்ளுங்கள். பிறகு பாத்தியின் இரண்டு பக்கமும் விளிம்பு மண்ணை மண்வெட்டியால் நெம்பி விடுங்கள். நீளப் பாத்தியாக இருந்தால் டிராக்டர் கொழுவை விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளி ஓட்டலாம். ஒருவர் தூக்க, ஒருவர் உதற, மூன்றாம் ஆள் மூங்கில் கழியில் சுற்ற வேண்டும். மூன்று பேர் இல்லாமல் இது நடக்காது. இரண்டு பேர் செய்தால் உதறும் வேலைதான் விட்டுப்போகும்.

அந்த உதறலில்தான் விலையே இருக்கிறது. சும்மா சுருட்டினால் மண்ணும் தண்டும் சேர்ந்து ஷீட்டின் எடையையே மிஞ்சிவிடும். பழைய சாமான் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். ஒரு நாள் காயப்போட்டு, கழியால் தட்டி, கட்டாகக் கட்டிக் கொண்டுபோனால் பேச்சே மாறும்.

பிப்ரவரி 7, காலை 6.30

கொளுத்துவது பற்றி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்து அபராதமும் விதித்துவிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தச் சாம்பலை நாற்றங்காலிலோ கோழி மேயும் இடத்திலோ போடாதீர்கள். எந்த பிளாஸ்டிக்கை எரித்தாலும் டையாக்சின் என்ற நச்சு வரும், அது உடம்புக் கொழுப்பில் தங்கும்.

பிப்ரவரி 7, காலை 11.15

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். "எந்த பிளாஸ்டிக்கை எரித்தாலும் டையாக்சின்" என்பது தளர்வான பேச்சு. டையாக்சினுக்குக் குளோரின் வேண்டும். சுத்தமான பாலிஎத்திலீனில் குளோரின் இல்லை. அதை எரித்தால் கரும்புகை, கார்பன் மோனாக்சைடு, புற்றுநோய் தரும் சில தார்ப் பொருள்கள் வரும். அவையே போதுமான கெடுதல். குளோரின் இருப்பது பிவிசியில்: பழைய பைப், ஓஸ், ஒயர் மேலுறை, ரெக்சின்.

ஆனால் வரப்பில் எரியும் குவியலில் ஷீட் மட்டுமா இருக்கிறது? உடைந்த பிவிசி முழங்கை, மோட்டார் ஒயர், உப்புப் போட்ட சோறு (உப்பிலும் குளோரின் உண்டு) ஒட்டிய கவர் எல்லாம் சேர்ந்துதான் எரிகிறது. செம்புக் கம்பி சேர்ந்தால் இன்னும் மோசம், டையாக்சின் உருவாவதைச் செம்பு தூண்டிவிடும். செம்புக்காக ஒயரைக் கொளுத்தும் இடங்கள் அதனால்தான் மிக ஆபத்தானவை. கூடவே, திறந்த குவியலில் சூடு ஒரே சீராக இருக்காது. புகை 200 முதல் 450 டிகிரிக்குள் ஆறிக்கொண்டு போகும் கட்டத்தில்தான் டையாக்சின் சேர்கிறது. அதனால் முடிவு மாறவில்லை: கொளுத்தாதீர்கள். காரணத்தை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும்.

வெந்நீர் அடுப்பு பற்றவைக்கப் பால் கவரைச் சொருகும் பழக்கம் நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கவரில் குளோரின் இல்லை என்று இப்போதுதான் எழுதினேன், அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுப்பை ஊதுகிறவர் முகத்துக்கும் அந்தப் புகைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. தென்னம்பன்னாடை இருக்கும்போது கவர் எதற்கு?

நாமக்கல் வாசகர், பிப்ரவரி 7, மதியம் 1.05

முட்டை ஏவாரத்துல இருக்கறோமுங்க. வருசத்துக்கு ஒருக்கா "பிளாஸ்டிக் முட்டை"ன்னு வீடியோ ஒண்ணு சுத்தும், கேட்கறவங்களுக்குப் பதில் சொல்லி மாளலை. இதைப் பத்தியும் எழுதுங்க.

பிப்ரவரி 7, மதியம் 3.30

பிளாஸ்டிக் முட்டை என்று ஒன்று கிடையாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே இதை விளக்கிச் சொல்லியிருக்கிறது. வீடியோவில் காட்டுவது ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வு. அது புரதம். முட்டை பழசாகி ஈரம் வற்றினால் காகிதம் மாதிரி உரிந்து வரும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாக ஈரமும் கரியமில வாயுவும் போய், உள்ளே காற்றறை பெரிதாகும், வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், கொஞ்சம் ஆட்டினாலே மஞ்சள் கரு கலங்கும். குளிர்ப்பெட்டியில் உறைந்துபோன முட்டையின் மஞ்சள் கரு ரப்பர் பந்து மாதிரி ஆவதும் இயல்புதான்.

சந்தேகம் இருந்தால் அந்தச் சவ்வை உலர்த்தி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்தால் புரதம். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டும்.

இந்தப் புரளியில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. முட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு, அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. குப்பை எரித்த இடத்தில் மேயும் கோழி, சாம்பல் கலந்த மண்ணைக் கொத்தும். அதிலிருக்கும் டையாக்சின் கொழுப்பில் கரையும், கோழியின் கொழுப்பு மஞ்சள் கருவில் இறங்கும். மனித உடம்பில் அது பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருசம் ஆகும். கூண்டுக்கோழிக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அது மண்ணைத் தொடுவதே இல்லை. வீட்டு நாட்டுக்கோழி முட்டைதான் நல்லது என்று தேடி வாங்கும் நாம், அந்தக் கோழி எங்கே மேய்கிறது என்று கேட்பதில்லை. எரித்த இடம் ஏற்கெனவே இருந்தால் மேல் மண்ணோடு சாம்பலை வழித்துச் சாக்கில் கட்டி அகற்றுங்கள், அந்த இடத்தை வேலி கட்டி மறையுங்கள்.

பிப்ரவரி 8, காலை 7.00

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறதா என்று கேட்டவருக்கு: கழுவும்போது மிதக்கும், நிறம் மாறித் தெரியும் அந்த அரிசி பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் பிழிந்து அரிசி வடிவத்தில் வெட்டியது. 100 கிலோவுக்கு 1 கிலோ என்பது கலக்கும் கணக்கு. அதைப் பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். சோற்றை உருட்டி எறிந்தால் எகிறுவது மாவுச்சத்தின் குணம்.

பல்லடம் வாசகர், பிப்ரவரி 8, இரவு 9.10

வீட்ல சேர்ற பிளாஸ்டிக்கை எது எதுன்னு பிரிக்கறது எப்படீங்க? அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருந்தா மறுசுழற்சி ஆகும்னு அர்த்தமா?

பிப்ரவரி 8, இரவு 10.30

இல்லை. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழிலகச் சங்கம் கொண்டுவந்த அந்த எண், என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்லும். 1 பெட் (தண்ணீர் பாட்டில் வகை), 2 கெட்டிப் பாலிஎத்திலீன், 3 பிவிசி, 4 மெல்லிய பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. 7 போட்ட சாமானுக்கும் முக்கோணம் உண்டு, அதை எடுக்கும் கடை அபூர்வம்.

எண் அழிந்திருந்தால் வாளித் தண்ணீர் போதும். சின்னத் துண்டாக வெட்டிப் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். பெட், பிவிசி, பாலிஸ்டைரீன் மூழ்கும்.

திருப்பூர் வாசகர், பிப்ரவரி 9, காலை 8.15

பாட்டில் அரைச்சு நூலுக்கு அனுப்பற யூனிட்ல வேலைங்க. வாளிச் சோதனை சரிதான், மூணு இடத்துல ஏமாத்தும். ஒண்ணு, துண்டு மேல காத்துக்குமிழி ஒட்டுனா மூழ்கவேண்டியதும் மிதக்கும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு உட்டுக் கையில அமுக்கி விடோணும். ரெண்டு, தெர்மகோல். அது பாலிஸ்டைரீன்தான், ஆனா உள்ளார முழுக்கக் காத்து, அதனால மிதக்கும். மூணு, மலிவு கவர், சாக்குல சுண்ணாம்புப் பொடி கலப்பாங்க. நூத்துக்கு இருபது பங்கு பொடி சேர்ந்தாலே அந்தப் பாலிஎத்திலீன் மூழ்கிரும்.

எங்களுக்குப் பெரிய தொந்தரவு பிவிசி. பெட்டும் மூழ்கும், பிவிசியும் மூழ்கும், தண்ணியில பிரியாது. பெட்டை உருக்க 260 டிகிரிக்கு மேல வேணும். அந்தச் சூட்டுல பிவிசி கருகி அமிலம் கக்கும், மொத்த உருக்கும் மஞ்சளாகிக் கரும்புள்ளி உழும். நூல் அத்துட்டே இருக்கும். மூடி பத்திக் கவலை இல்லீங்க: மூடி பாலிபுரொப்பிலீனோ பாலிஎத்திலீனோதான், அரைச்சதுக்கப்புறம் காஸ்டிக் சோடா போட்ட சுடுதண்ணியில அலசும்போது தானா மேல வந்துரும்.

பிப்ரவரி 9, காலை 9.40

திருத்தங்கள் மூன்றும் சரி, நன்றி. பிவிசியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, துண்டின் மேல் வைத்து எடுத்து, மறுபடி தீயில் காட்டினால் சுடர் பச்சையாகும். திறந்த வெளியில், ஒரு நகத்துண்டு அளவுக்கு மேல் வேண்டாம்.

ஒரு கேள்வி எழுகிறது: பாட்டிலைச் சட்டையாக்கினால் அது மறுசுழற்சியா? ஒருமுறை மட்டும். சட்டையைத் திரும்பப் பாட்டிலாக்குவது கிட்டத்தட்ட நடப்பதில்லை. துவைக்கும்போது இழையும் உதிர்கிறது. 2016இல் பிரிட்டனில் செய்த ஆய்வில், 6 கிலோ பாலியஸ்டர் துணியை மெஷினில் போட்டால் ஏறத்தாழ 4,96,000 இழைகள் உதிரலாம் என்று கணக்கிட்டார்கள், பருத்தி கலந்த துணியில் 1,38,000. பனியன் துணி பாலியஸ்டருக்கு மாறிக்கொண்டிருக்கும் ஊர் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

இன்னொன்று, நொய்யல் ஆற்றில் பொங்கும் நுரையைப் "பிளாஸ்டிக் நுரை" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சோப்பும் சாக்கடையும் சேர்ந்த நுரை. சாயக்கழிவின் கெடுதல் வேறு, அது உப்பு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். பிளாஸ்டிக், நுரை, உப்பு மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் மூன்றுக்கும் வழி பிறக்காது.

கரூர் வாசகர், பிப்ரவரி 10, மாலை 6.20

கடல் பிளாஸ்டிக்ல 90 சதவீதம் பத்து ஆத்துல இருந்துதான் போகுதாமே. அதுல காவேரி இல்லைங்க. அப்ப நாம எதுக்குக் கவலைப்படோணும்?

பிப்ரவரி 10, இரவு 8.00

2017 ஆய்வு சொன்னது வேறு. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பங்கில் 88 முதல் 95 சதவீதம் பத்து ஆறுகளிலிருந்து என்றுதான் அது சொன்னது, கடலில் சேரும் எல்லாவற்றிலும் அல்ல. 2021இல் வந்த விரிவான கணக்கு அதையும் மாற்றிவிட்டது: 80 சதவீதத்துக்கு 1000க்கும் மேற்பட்ட ஆறுகள் காரணம், நகரம் நடுவே ஓடும் சின்ன ஆறுகளுக்கும் அதில் பெரிய பங்கு. கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து உங்கள் மாவட்டத்தில் காவிரியில் விழும் நொய்யல் அப்படிப்பட்ட ஆறுதான். கவலைப்பட வேண்டும்.

பிப்ரவரி 12, காலை 6.50

மாடு கவரை விரும்பித் தின்கிறதா, எண்ணெய் புகட்டினால் அது வெளியே வருமா என்று மாட்டுக்காரர்கள் கேட்ட இரண்டு கேள்விக்குச் சேர்த்துப் பதில். மாடு கவரை விரும்பித் தின்பதில்லை. உள்ளே இருக்கும் சோற்றுக்காக நாக்கைச் சுழற்றிக் கவரோடு சேர்த்து இழுக்கிறது, ஆடு மாதிரி உதட்டால் பிரித்தெடுக்கத் தெரியாது. முதல் வயிற்றில் கவரும் கயிறும் முறுக்கிக்கொண்டு உருண்டையாகும். அந்த உருண்டை அடுத்த அறைக்குப் போகும் துவாரத்தில் நுழையாது. எண்ணெய் புகட்டினால் சாணியில் வந்துவிடும் என்பது பொய். அசை போடுவது குறையும், பால் இறங்கும், இடப்பக்க வயிறு அடிக்கடி உப்பும், தீனி எடுத்தும் மாடு மெலியும். இந்த நான்கும் சேர்ந்து தெரிந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இடப்பக்க விலாவில் திறந்து எடுப்பது ஒன்றே வழி. தடுக்க ஒன்றே ஒன்று செய்தால் போதும்: மிச்சச் சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டு எறியாதீர்கள்.

பிப்ரவரி 12, மாலை 4.15

மஞ்சப்பையா, பிளாஸ்டிக் கவரா என்ற சண்டைக்கு என் பங்கு. துணிப்பையை 7,100 தடவை தூக்கினால்தான் பிளாஸ்டிக் கவருக்குச் சமம் என்று ஒருவர் போட்டிருக்கிறார். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட எண் அது, பொய்யில்லை. ஆனால் அது எல்லா அளவுகோலிலும் மோசமானதை எடுத்து வந்த எண். புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை போதும். தெருவில் விழுந்த கவர் சாக்கடையை அடைப்பதும் மாட்டு வயிற்றில் போவதும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதே நேரம், எதிர்ப்பக்கம் சொல்வதிலும் உண்மை உண்டு. விசேஷத்துக்கு விசேஷம் வாங்கி, பீரோவில் நாற்பது மஞ்சப்பை அடுக்கி வைத்திருப்பது யாருக்கும் உதவாது. வண்டிப் பெட்டியில் இரண்டு பை கிடக்கட்டும், வாரச்சந்தைக்கு ஒரே பையை ஒரு வருசம் தூக்குங்கள். 52 ஆகிவிடும்.

"துணி மாதிரி" இருக்கும் கலர் கேரி பை துணி இல்லை, பாலிபுரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்கும் தடை. உள்ளே மெழுகு மாதிரி பூச்சுள்ள பேப்பர் டம்ளரும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பூச்சு பாலிஎத்திலீன். 2020இல் ஐஐடி கரக்பூர் ஆய்வில், 100 மில்லி சுடுதண்ணீர் 15 நிமிடம் இருந்தால் 25,000 நுண்துகள் இறங்குவதாகக் கண்டார்கள். கண்ணாடி டம்ளரில் கேளுங்கள், பேக்கரிக்காரர்கள் மறுப்பதில்லை.

பிப்ரவரி 13, காலை 7.30

வாரம் ஒரு ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக் தின்கிறோம் என்பது 2019 கணக்கு. வாரத்துக்கு 0.1 முதல் 5 கிராம் என்ற வீச்சில் உச்ச எண்ணை மட்டும் செய்தியாக்கினார்கள். 2021இல் வேறு முறையில் கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்தது சில மைக்ரோகிராம்தான், லட்சக்கணக்கான மடங்கு குறைவு. அதற்காக அலட்சியம் வேண்டாம். 2022இல் நெதர்லாந்தில் 22 பேர் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் துகள் இருந்தது. என்ன கெடுதல் செய்கிறது என்பதில் ஆய்வு தொடர்கிறது.

கிணத்துக்கடவு வாசகர், பிப்ரவரி 15, இரவு 7.45

எடுத்துட்டோமுங்க. மூணு ஆள், ஒண்ணரை நாள். நடுவுல நெறைய இடத்துல கிழிஞ்சு மண்ணுக்குள்ள போயிருச்சு. எவ்வளவு உள்ள நிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அடுத்த தடவை "மக்கும் ஷீட்" வாங்கலாமா?

பிப்ரவரி 15, இரவு 9.30

"மக்கும்" என்று எழுதியிருப்பதில் இரண்டு வகை. ஒன்று சாதாரணப் பாலிஎத்திலீனில் உலோக உப்பு கலந்தது. சீக்கிரம் பொடியாகும், மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் அந்த வகையைத் தடைசெய்துவிட்டது. மற்றது நிஜமாகவே மக்கும் பொருளில் செய்தது. அதிலும் பல வகைக்கு உரத் தொழிற்சாலைச் சூடு, 58 டிகிரி வாக்கில், மாதக்கணக்கில் வேண்டும். உங்கள் பாத்தி மண்ணில் மக்கும் என்று சான்றில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வைக்கோல், கரும்புத்தோகை, தென்னை மட்டைத்தூள் போடுவது நம் பக்கம் முடியும். களை கொஞ்சம் கூடும், ஆள்கூலி கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஷீட்டே வேண்டும் என்றால் கடையிலேயே எடை போடுங்கள். 1.2 மீட்டர் அகலம், 25 மைக்ரான் தடிமன் என்றால் 10 மீட்டர் நீளம் ஏறத்தாழ 275 முதல் 285 கிராம் நிற்க வேண்டும். 200 கிராம் நின்றால் அது 18 மைக்ரான்தான். கிழிந்ததற்கு உங்கள் ஆள் காரணமில்லை.

பிப்ரவரி 15, இரவு 9.50

உள்ளே நிற்பதைக் கண்டுபிடிக்கவும் அதே தராசுதான். ஒன்றரை மீட்டர் இடைவெளிப் பாத்தி என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,700 மீட்டர் ஷீட், 25 மைக்ரானில் 75 கிலோ போயிருக்கும். இப்போது எடுத்த கட்டில் பத்து இடத்தில் ஒவ்வொரு மீட்டர் வெட்டி எடை போடுங்கள். பிறகு கழுவிக் காயவைத்து மறுபடி போடுங்கள். எத்தனை பங்கு மண் என்று தெரியும். மொத்தக் கட்டின் எடையில் அந்தப் பங்கைக் கழித்தால் சுத்த ஷீட். ஓட்டைகளுக்கு ஒன்றிரண்டு கிலோ விட்டுவிட்டு, 75இலிருந்து எவ்வளவு குறைகிறதோ அது மண்ணுக்குள் இருக்கிறது.

குறைவது பத்து கிலோவுக்கு மேல் என்றால் ரோட்டவேட்டரைத் தொடாமல் ஐந்துகொழுக் கலப்பையால் ஒரு சால் ஓட்டி, ஒரு மழையோ ஒரு தண்ணீரோ விட்டு, பழைய பாத்தியின் விளிம்புக்கோட்டிலேயே நடந்து பொறுக்குங்கள். துண்டுகள் அந்தக் கோட்டில்தான் மேலே வரும். ஆளுக்கு ஒரு உரச்சாக்கு கொடுங்கள். காற்று வீசாத காலை நேரமாகப் பாருங்கள்.